இருப்பதை வைத்து ஒரு சமையல்

பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய நாவல் ஒன்றில் ஓர் இரவுக் காட்சி வருகிறது. கதாநாயகன் கடைசி ரயிலில் வந்து இறங்குகிறான். கூடவே ஒரு நண்பன். மணி பதினொன்றரை. மனைவி எழுந்து வந்து கதவைத் திறக்கிறாள். அதன் பிறகு நான் எழுதியது ஒரே ஒரு வாக்கியம்: ‘வீட்டில் இருந்ததை வைத்து அரை மணியில் ஒரு சமையலைச் செய்து முடித்தாள்.’ நண்பன் வயிறாரச் சாப்பிட்டான். அவள் கைமணத்தைப் புகழ்ந்தான். கதை மேலே போய்விட்டது.

புத்தகம் வெளிவந்து சில மாதங்கள் கழித்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். நாவல் பிடித்திருந்ததாக இரண்டு வரி. பிறகு ஒரு சந்தேகம். “அந்த வீட்டில் என்ன இருந்தது ஐயா? அன்றைக்குத் தேதி இருபத்தெட்டு என்று முந்தின அத்தியாயத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாதச் சம்பளக்காரன் வீட்டில் இருபத்தெட்டாம் தேதி ராத்திரி என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?”

வந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் போடுகிறவன் நான். அந்தக் கடிதத்துக்குப் போடவில்லை. போடுவதற்குப் பதில் என்னிடம் இல்லை.

இப்போது அதை நினைக்கக் காரணம், சமீபத்தில் கைக்கு வந்த ஒரு சமையல் புத்தகம். வங்காளத்துச் சாப்பாட்டை வீட்டிலே எளிதாகச் செய்து கொள்வது எப்படி என்பது விஷயம். பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த ரகப் புத்தகங்கள் எல்லாமே ஏறக்குறைய ஒன்றைத்தான் சொல்கின்றன: ‘அலமாரியில் சரக்கை நிரப்பி வைத்துக் கொள்ளுங்கள். பிறகு அரை மணி போதும்.’ அரை மணி! என் கதாநாயகிக்கு நான் கொடுத்த அதே அரை மணி. எனக்குச் சுருக்கென்றது.

முதலில் புத்தகத்துக்குச் சேர வேண்டிய நியாயத்தைச் செய்துவிடுகிறேன். அது சொல்லுகிற சாப்பாடு நல்ல சாப்பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்து நானும் என் மனைவியும் சமைத்தோம். நான் சமைத்தேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் நான் வாசித்தேன், அவள் சமைத்தாள்.

வங்காளத்தில் ‘பாதே’ என்று ஒன்று உண்டு. சோறு கொதிக்கிற பானையிலேயே உருளைக்கிழங்கையோ பூசணித் துண்டையோ போட்டுவிடுகிறார்கள். மசூர்ப் பருப்பைத் துணியில் முடிந்து அதையும் உள்ளே இறக்குவதுண்டு. சோறு வெந்ததும் எல்லாவற்றையும் எடுத்து, உப்பும் பச்சை மிளகாயும் பச்சைக் கடுகெண்ணெயும் விட்டுக் கையால் பிசைகிறார்கள். தாளிப்பில்லை, அரைப்பில்லை. ஓர் அடுப்பு, ஒரு பானை. சோறும் கறியும் பருப்பும் ஒரே நெருப்பில் வெந்துவிடுகின்றன. விறகுச் செலவைக் கண்டு பயந்த எந்தத் தாயோ கண்டுபிடித்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு பருப்பு. அதற்கு அவர்கள் தாளிப்பது ‘பாஞ்ச் போரன்’, ஐந்து விதைத் தாளிப்பு. சீரகம், சோம்பு, வெந்தயம், கருஞ்சீரகம் ஆகிய நான்கும் நம் அஞ்சறைப் பெட்டியிலோ நாட்டு மருந்துக் கடையிலோ கிடைத்துவிடும். ஐந்தாவது மட்டும் நம் பக்கத்தில் கிடைக்காது. அந்தச் சின்ன விதைக்கு ‘ராந்துனி’ என்று பெயர். அது கிடைக்காத இடத்தில் கடுகைப் போடுகிறார்கள். இதையெல்லாம் பொடி செய்யாமல் முழுசாக எண்ணெயில் வெடிக்க விட்டு, வெந்த பருப்பை மேலே கொட்டினால் வீடு முழுவதும் ஒரு வாசனை. நம் பெருங்காய வாசனையைப் போல அது ஆளை அழைப்பதில்லை; பக்கத்தில் வந்து நிற்கிறது.

மூன்றாவதாகக் கசகசா. நாம் குருமாவுக்கும் பாயசத்துக்கும் சிட்டிகை போடுகிறோமே, அதை அவர்கள் ஊறவைத்து, அம்மியில் மைய அரைத்து, உருளைக்கிழங்கோடு கறியாகவே செய்துவிடுகிறார்கள். பாங்குரா, வீர்பூம், பர்த்வான் பக்கத்தில் வெயில் காலத்தில் இதுதான் உயிர். எண்ணெய் மட்டும் கடுகெண்ணெயாக இருக்க வேண்டும். புகை வரக் காய்ச்சினால்தான் அதன் காரம் அடங்கும். நல்லெண்ணெயில் செய்தாலும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வங்காளம் போய்விடும்.

சாப்பிட்டோம். ருசியாக இருந்தது. கை கழுவிவிட்டு வந்து, “பார்த்தாயா, அரை மணிதான்!” என்றேன்.

“ஆமாம். கடுகெண்ணெய்க்கு நீங்க மூணு கடை ஏறி இறங்கினதை விட்டுட்டா அரை மணிதான். கசகசா என்ன விலை விக்குதுன்னு பில்லைப் பார்த்தீங்களா?” என்றாள் அவள்.

புத்தகத்தைப் பற்றிய என் விமரிசனம் இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

எளிய சாப்பாடு என்று ஒன்று தனியாக இல்லை. நிறைந்த அலமாரிக்கு முன்னால் நின்று செய்வதால் அது எளிது. அதே கிழங்கு, அதே சோறு, காலியான அலமாரிக்கு முன்னால் எளிய சாப்பாடு அல்ல, கடைசிச் சாப்பாடு. இரண்டுக்கும் செய்முறை ஒன்றுதான். ஆகவே செய்முறையை மட்டும் எழுதுகிற புத்தகம் இரண்டையும் வேறுபடுத்திச் சொல்ல முடியாது. அந்த வேலையை வங்காளத்தில் நாவல்கள்தான் செய்தன.

நம் வாசகர்களுக்கு வங்க நாவல் புதிதல்ல. த. நா. குமாரஸ்வாமியும் அ. கி. ஜயராமனும் ஆர். ஷண்முகசுந்தரமும் தமிழில் கொண்டுவந்து கொடுத்ததைப் படித்து வளர்ந்த குடும்பங்கள் எத்தனையோ. காலேஜில் இரண்டு வருஷத்தோடு படிப்பை நிறுத்திக் கொண்ட எனக்கு நாவல் எழுதக் கற்றுக் கொடுத்தவையும் அவைதாம். ஆனால் அந்த நாட்களில் காதலையும் தியாகத்தையும் தேடிப் படித்தேனே தவிர, அடுப்படிப் பக்கம் போகவில்லை. வாசகியின் கடிதத்துக்குப் பிறகு அடுப்படிக்காகவே திரும்பப் படித்தேன்.

விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் ‘பதேர் பாஞ்சாலி’ 1929-ல் புத்தகமாக வந்தது. சத்யஜித் ராயின் படம் 1955-ல் வந்து உலகம் முழுவதும் அதன் பெயரைக் கொண்டுபோயிற்று. நாவலில் ஓர் இடம். சிறுவன் அபு தகப்பனாரோடு ஒரு சிஷ்யர் வீட்டுக்குப் போகிறான். வசதியான வீடு. அங்கே ஒரு பெண்மணி அவனுக்கு ‘மோகன்போக்’ செய்து கொடுக்கிறாள். நம் கேசரியின் உறவு. நெய் விரலில் வழிகிறது, திராட்சை தென்படுகிறது. அபுவுக்கு ஆச்சரியம். அவன் வீட்டிலும் அம்மா மோகன்போக் செய்வதுண்டு. ரவையைத் தண்ணீரில் வேகவைத்து வெல்லத்தைப் போட்டுக் கிளறிக் கொடுப்பாள். அதையும் அவன் ஆசையோடுதான் தின்றிருக்கிறான். இரண்டுக்கும் ஒரே பெயர். தாங்கள் ஏழைகள் என்பது அவனுக்கு அந்த நிமிஷத்தில் தெரிகிறது. அம்மாவின் மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை, இரக்கம் வருகிறது.

ஏழ்மையைப் பற்றி எத்தனையோ நாவல்கள் பக்கம் பக்கமாக அழுதிருக்கின்றன. விபூதிபூஷண் ஒரு கரண்டி நெய்யில் சொல்லி முடித்துவிடுகிறார். சமையல் புத்தகமாக இருந்தால், ‘நெய் இல்லாவிட்டால் தண்ணீர் சேர்த்துக் கொள்ளலாம்’ என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் போயிருக்கும்.

இன்னோர் இடம். அக்காள் துர்காவும் அபுவும் வீட்டிலிருந்து தெரியாமல் கொஞ்சம் அரிசியும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் போய்ச் சமைக்கிறார்கள். மண்ணைச் சோறு என்று வைத்து விளையாடிய குழந்தைகள். இன்றைக்கு நிஜமான சோறு, நிஜமான கத்தரிக்காய் வறுவல். சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, உப்பு கொண்டுவர மறந்துவிட்டது. உப்பில்லாமலே தின்று தீர்க்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தைப் படிக்கும்போது தொண்டை அடைக்கிறது. பின்னால் துர்காவுக்கு நேரப் போவதைத் தெரிந்துகொண்டு திரும்பப் படிக்கிறவர்களுக்கு இன்னும் அதிகம். ‘இருந்ததை வைத்து ஒரு சமையல்’ என்ற என் வாக்கியத்தையேதான் அவரும் எழுதியிருக்கிறார். ஆனால் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியும். என்ன இல்லை என்பதும் தெரியும்.

அவருடைய ‘ஆதர்ச ஹிந்து ஹோட்டல்’ 1940-ல் வந்தது. ராணாகாட் ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு ஹோட்டல். முதலாளி பேசு சக்கரவர்த்தி. அதிகாரமெல்லாம் வேலைக்காரி பத்மாவுடையது. சமையற்காரன் ஹாஜாரி, நடுத்தர வயசு, தங்கமான கை. அவன் சமையலுக்காகவே ஆட்கள் வருகிறார்கள். அவனுக்குக் கிடைப்பதோ ஏச்சு. ஓய்வு நேரத்தில் சூர்ணி நதிக்கரையில் போய் உட்கார்ந்து, சொந்தமாக ஒரு ஹோட்டல் வைப்பதைப் பற்றிக் கனவு காண்கிறான். இந்தப் புத்தகத்தின் பலம், ஹாஜாரி சாமானை அறிந்தவன் என்பது. மட்டமான சரக்கை வாங்கிக் கொடுத்துவிட்டு நல்ல பேரை எதிர்பார்க்கிற முதலாளியின் கீழ் ஒரு நல்ல கை படுகிற வேதனையை, தொழில் தெரிந்தவன் படுகிற வேதனையாகவே எழுதியிருக்கிறார். ஹோட்டலின் தலைவிதி அடுப்பில் நிச்சயமாவதில்லை. அதற்கு முன்னாலேயே, சந்தையிலும் சாமான் அறையிலும் நிச்சயமாகிவிடுகிறது.

குறையும் சொல்ல வேண்டும். பிற்பாதியில் ஹாஜாரிக்கு வேண்டிய பணத்தை நல்ல மனசுள்ள பெண்கள் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவன் ஹோட்டல் செழிக்கிறது. பழைய முதலாளியும் பத்மாவும் கடைசியில் அவனிடமே வேலைக்கு வருகிறார்கள். படிக்க இதமாக இருக்கிறது. ஆனால் ‘பதேர் பாஞ்சாலி’ எழுதிய கை அவ்வளவு சுலபமாக அலமாரியை நிரப்பியிருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. எழுத்தாளன் இரங்கிவிட்டான். இரங்கியது அவன் குணம். கதைக்கு அது நல்லதா என்பது வேறு கேள்வி.

ஆனால் அவரே அதற்கு மறுபக்கத்தையும் பின்னால் எழுதினார். 1943-ல் வங்காளத்தில் பஞ்சம். சுமார் முப்பது லட்சம் பேர் மாண்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. யுத்த காலம், விலை ஏறிற்று, அரிசி பதுங்கிற்று. கல்கத்தா வீதிகளில் கிராமத்து ஜனங்கள் வீட்டு வாசல் தோறும் நின்று சோறு கேட்கவில்லை, ‘பேன்’ கேட்டார்கள். பேன் என்றால் வடிகஞ்சி. வடித்துக் கீழே கொட்டுகிற கஞ்சி. எளிய சாப்பாடு என்பது எதுவரை இறங்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அந்தப் பஞ்சத்தைப் பற்றிய நாவல் ‘அசனி சங்கேத்’. ராய் இதையும் 1973-ல் படமாக எடுத்தார். கங்காசரண் ஒரு கிராமத்து வாத்தியார், புரோகிதரும்கூட. மனைவி அனங்கா. ஊரில் மதிப்பு, வீட்டில் அரிசி, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பிறகு அரிசி மெள்ள மெள்ள ஊரை விட்டுப் போகிறது. பெண்கள் காட்டுக் கிழங்கு தோண்டப் போகிறார்கள். குளத்து நத்தையைப் பொறுக்குகிறார்கள். இடி விழுந்தாற்போல் ஒன்றும் நடப்பதில்லை. ஒவ்வொரு நாளும் பாத்திரத்தில் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான். பஞ்சம் என்பது பானையின் அடி தெரிவது என்பதை இந்த நாவலைப் படித்துத்தான் நான் உணர்ந்தேன்.

‘சமையல் புத்தகத்தில் போய்ப் பஞ்சத்தைத் தேடலாமா? அது கதைப் புத்தகமா?’ என்று நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் சமையல் புத்தகமும் மனிதர்களைப் பற்றியதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஜ்ஞாசுந்தரி தேவி ‘ஆமிஷ் ஓ நிராமிஷ் ஆஹார்’ என்று ஒரு பெரிய சமையல் நூலை எழுதினார். ஆமிஷம் என்றால் மீன், மாமிசம். நிராமிஷம் அவை சேராதது. ரவீந்திரநாத் தாகூருக்கு அண்ணன் மகள் அவர். அஸ்ஸாமிய எழுத்தாளர் லக்ஷ்மிநாத் பேஜ்பருவாவின் மனைவி. எந்தப் பதார்த்தத்தோடு எதைச் சேர்த்துப் பரிமாறுவது என்ற பட்டியலுக்கு ‘க்ரமணி’ என்று ஒரு பெயரே வைத்தவர். தாகூர் குடும்பத்துச் சாமான் அறையை மனத்தில் வைத்து எழுதியதுதான்; ஏழை வீட்டுக்கு ஆகாது. இருந்தாலும் அதில் ஒரு வீடு தெரிகிறது. இன்றைய அரை மணிப் புத்தகங்களில் அலமாரி தெரிகிறது, வீடு தெரியவில்லை.

அந்தத் தலைப்பில் ‘நிராமிஷ்’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். என்னிடம் உள்ள புத்தகம், ‘மீன் இல்லாமலே இவ்வளவு நயமான கறிகளா!’ என்று வியக்கிறது. வியக்க வேண்டியதுதான். வாழைப்பூ, வாழைத்தண்டு, பூசணித் தோல், கீரைத் தண்டு, பலாக்கொட்டை, உளுந்தை அரைத்துக் கிள்ளி வைத்துக் காயவைக்கும் ‘பொடி’. நம் வடகத்தின் தங்கை அது. ஒன்றையும் எறியாத சமையல். ஆனால் அது யாருடைய சமையல்? மேல்ஜாதி வீடுகளின் விதவைகளுடையது. அவர்களுக்கு மீன் கூடாது, மாமிசம் கூடாது, வெங்காயம் பூண்டு கூடாது. மசூர்ப் பருப்புகூடக் கூடாது. அரிசிச் சாதம் நாளைக்கு ஒரே வேளை. ஏகாதசியன்று தண்ணீரும் இல்லை. வித்யாசாகர் போராடி, விதவை மறுமணச் சட்டம் 1856-ல் வந்தது. சட்டம் அடுப்படி வரை நடந்துவர எத்தனையோ காலம் ஆயிற்று. எட்டு வயசிலும் பத்து வயசிலும் புருஷனை இழந்த பெண்கள் ஆயுள் முழுவதும் தனி அடுப்பில் உட்கார்ந்து, தோலையும் தண்டையும் வைத்து ருசியைத் தேடினார்கள். மறுக்கப்பட்டவர்கள் கண்டுபிடித்ததைத்தான் நாம் நயம் என்கிறோம். நம் ஊரிலும் தனி அடுப்பும் ஏகாதசிப் பட்டினியுமாக வாழ்ந்து முடித்த பாட்டிமார்களைக் கண்டவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

‘ராந்துனி’ என்ற அந்த ஐந்தாவது விதையைப் பற்றிச் சொன்னேன். வங்காளத்தில் சமையல் செய்கிறவளுக்கும் அதே பெயர்தான். ‘ராந்துனி கிடைக்காவிட்டால் பாதகமில்லை, விட்டுவிடலாம்’ என்கிறது புத்தகம். விட்டுத்தான் விட்டிருக்கிறார்கள்.

வங்காளத்து வீடுகளில் சாமான் அறைக்கு ‘பாண்டார்’ என்று பெயர். வீட்டுக்கு மூத்த மருமகள் அதன் சாவிக் கொத்தைப் புடவைத் தலைப்பில் முடிந்து தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்வாள். அந்தச் சாவி கை மாறுவதில் எத்தனை நாவல்கள் பிறந்திருக்கின்றன! ‘பாண்டார்’ நம்முடைய பண்டாரம்தான். தமிழில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம். பொக்கிஷ சாலையும் பண்டாரம். ஓடு ஏந்தி வருகிற பரதேசியும் பண்டாரம். நிறைந்த அறைக்கும் வெறும் கைக்கும் ஒரே பெயர் வைத்தவர்கள் தெரிந்து வைத்தார்களோ, தெரியாமல் வைத்தார்களோ. அபு இரண்டு வீட்டு மோகன்போக்கில் கண்டதும் இதைத்தான்.

இந்தக் கட்டுரையை எழுதி வைத்துவிட்டு, அந்தப் பழைய கடிதத்தைத் தேடி எடுத்தேன். மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டு, “சரியாத்தானே கேட்டிருக்காங்க” என்றாள்.

“சரி, நீதான் சொல்லேன். இருபத்தெட்டாம் தேதி என்ன இருந்திருக்கும்?”

அவள் யோசிக்கவே இல்லை. “அரிசி ரெண்டு நாளைக்கு இருக்கும். துவரம்பருப்பு டப்பாவைத் தட்டினா ஒரு ஆழாக்கு தேறும். புளி, மிளகாய், உப்பு இருக்கும். எண்ணெய் ரெண்டு கரண்டி. தேங்காய் இருக்காது. அப்பளம் நாலஞ்சு, விருந்தாளி வந்தா ஆகும்னு ஒளிச்சு வச்சது. ஒரு ரசம், ஒரு துவையல், அப்பளம். அதுதான் முடியும்.”

“அரை மணியில் ஆகுமா?”

“ஆகும். ஆனா அரிசியைப் போடும்போது ஒரு கணக்குப் பண்ணியிருப்பா. ரெண்டு பேருக்குப் போட்டா மறுநாள் குழந்தைகளுக்குக் காணாது. அதனால ரெண்டு பேருக்கு மட்டும் அளந்து போட்டிருப்பா. மறுநாள் தன் பங்கைக் குறைச்சிருப்பா. உங்க நாவல்லே மறுநாள் அவ சாப்பிட்டாளா?”

நாவலை எடுத்துப் பார்த்தேன். மறுநாள் காலையில் நண்பன் விடைபெற்றுக்கொண்டு போகிறான். கதாநாயகன் ஆபீசுக்குப் போகிறான். அவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த அத்தியாயம் ஒன்றாம் தேதியில் ஆரம்பமாகிறது.

நடுவில் மூன்று நாள் அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பதை நான் எழுதவில்லை. அந்த வாசகிக்கு இன்று பதில் எழுதியிருக்கிறேன்.